புதுப்பிப்பு: லோரோங் கூலிட்டில் வாங்கிய குவீன் டிவிடி ஓடுகிறது!

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் 10 ரிங்கிட்டுக்கு எடுத்த குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'கிரேட்டஸ்ட் வீடியோ ஹிட்ஸ் 1', 2002இல் வந்த டிவிடி, பாதியில் நின்றுவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். நான் முன்பு வட்டமாகத் துடைத்தது தப்பு: தகவல் சுருள் தடமாகப் பதிந்திருப்பதால், தடத்தோடு ஓடும் கீறலைச் சரிக்கட்டுவதுதான் பிளேயருக்குக் கடினம். ஒரு பாட்டு மட்டும் இன்னும் திக்குகிறது. லேப்டாப்பில் போட்டால் அதுவும் ஓடுகிறது.

நேற்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 'போஹிமியன் ராப்சடி' பாட்டு வந்ததும் இருவரும் பேசவில்லை. 1975இல் லண்டன் அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்தது. இருட்டில் அந்த நான்கு முகங்கள்! முகம் பலவாகப் பிரிவது கணினி வேலை இல்லை, கேமரா முன் வைத்த பட்டகக் கண்ணாடியின் வேலை. குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்மர் ரோஜர் டெய்லரும் பேசும் விளக்கவுரையும் இதில் இருக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்.

இரண்டாம் பாகம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பட்டர்வொர்த் வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.