புதுப்பிப்பு: ஏழு பேர் வண்டியின் மைலேஜ் கணக்கு

எங்கள் மினிவேன் லிட்டருக்கு 11 கி.மீ.தான் தருகிறது, டேஷ்போர்டோ 13 என்று காட்டுகிறது என முன்பு புலம்பியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

டேஷ்போர்டை நம்புவதை விட்டுவிட்டேன். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தேன். மூன்று முறை நிரப்பியதில் 1,236 கி.மீ.க்கு 96 லிட்டர். அதாவது கிட்டத்தட்ட 12.9.

மாற்றியது இரண்டுதான். கூரைக் கேரியரைக் கழற்றினேன்; காலியாக இருந்தாலும் அது காற்றை எதிர்த்து நிற்கும், நெடுஞ்சாலை வேகத்தில் இன்னும் அதிகமாக. அப்புறம் டயர் காற்று. நான்கிலுமே 6 பி.எஸ்.ஐ. குறைவு! முழு ஆள் ஏற்றினால் எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. இத்தனை நாள் அதைப் படிக்காதது என் தப்பு.

பள்ளிக்கூட ஓட்டத்தில் மட்டும் இன்னும் 10தான். இன்ஜின் சூடேறுவதற்குள் பள்ளி வந்துவிடுகிறது, என்ன செய்ய?

பராமரிப்பில் ஆயில், ஃபில்டர் எல்லாம் சாதாரணச் செலவுதான். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருப்பதுதான் கவலை. குறைந்த காற்றில் ஓட்டியதன் பலன். அடுத்த செட் சீக்கிரமே வாங்க வேண்டியிருக்கும்.