மலேரியாவில் கெடும் கல்லீரலுக்கு ஃபிளேவனாய்டு உதவுமா?

பச்சையம்:
மலேரியா முற்றியவர்களில் பலருக்குக் கண் மஞ்சளாகிறது, கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன. ஒட்டுண்ணியைக் கொல்ல ஆர்டிசுனேட் ஊசி உண்டு. ஆனால் 2010-இல் முடிவு வந்த ஆப்பிரிக்கச் சோதனையில், அந்த ஊசி போட்ட குழந்தைகளிலும் 8.5% பேர் இறந்தார்கள் (பழைய மருந்தான குயினைனில் 10.9%). ஒட்டுண்ணியைக் கொன்றால் மட்டும் போதாது. சிவப்பணு உடையும்போது கொட்டும் ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) ஆக்சிஜனேற்றத்தால் கல்லீரலை அரிக்கிறது. அதைத் தணிக்க, தாவரங்களில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளான ஃபிளேவனாய்டுகளை (குவெர்செட்டின், சிலிமாரின் போன்றவை) ஏன் சோதிக்கக் கூடாது?

கொசுவலை:
சோதிக்கலாம், எலியில் ஏற்கனவே நிறையவே சோதித்துவிட்டார்கள். அங்கேதான் எனக்கு நெருடல். மலேரியா மஞ்சளில் பெரும்பங்கு சிவப்பணு உடைவதால் வருவது. எலிக்குக் குவெர்செட்டின் கொடுத்து, கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் இறங்கினால், கல்லீரல் தேறியதா, இல்லை ஒட்டுண்ணி குறைந்து சிவப்பணு உடைவது நின்றதா? பல ஆய்வுகள் இதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

அப்புறம் என்-அசிட்டைல்சிஸ்டீன் கதை. 2009-இல் வந்த ஓர் எலி ஆய்வில், ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறையாமலே, இந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பி கல்லீரல் செயலிழப்பைத் தடுத்தது. அதே ஆண்டு தாய்லாந்து, வங்கதேச நோயாளிகளிடம் நடந்த சோதனை வெளிவந்தது. பலன் ஒன்றுமில்லை. எலிக்குத் தொற்று ஏற்றிய நாள் நமக்குத் தெரியும், மனிதர் வார்டுக்கு வருவதோ எல்லாம் முற்றிய பிறகு.

திண்ணைவாசி:
மஞ்சள் காமாலைக்கு எங்கள் ஊரில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பார்கள். இதற்கும் அது ஆகாதா?

கொசுவலை:
அண்ணா, காய்ச்சலோடு கண் மஞ்சளானால் அன்றே இரத்தப் பரிசோதனை. கீழாநெல்லி என்று இரண்டு நாள் தள்ளினால் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியாவில் உயிரே போகும்.

பச்சையம்:
இதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த என்-அசிட்டைல்சிஸ்டீன் சோதனையில் முதன்மையாக அளந்தது இரத்த லாக்டேட் (நோய் முற்றும்போது இரத்தத்தில் ஏறும் அமிலம்) இறங்கும் வேகத்தை, கல்லீரலை அல்ல. 2018-இல் வங்கதேசத்திலிருந்தே வந்த இன்னொன்றைப் பாருங்கள்: ஹீம் கிளப்பும் ஆக்சிஜனேற்றத்தை அடக்கும் என்று பாராசிட்டமால் கொடுத்தார்கள், சிறுநீரகம் மேம்பட்டது. ஆக, இலக்கு சரியானதுதான்.

கொசுவலை:
இலக்கு சரியாக இருக்கட்டும், அம்பு போய்ச் சேர வேண்டாமா? வாய்வழி குவெர்செட்டின் குடலிலும் கல்லீரலிலும் உடனே உருமாறிவிடுகிறது. இரத்தத்தில் மிஞ்சுவது சொற்பம். தவிர, ஆர்டிசுனேட்டே ஹீமின் இரும்போடு வினைபுரிந்து, உருவாகும் வீரியமான மூலக்கூறுத் துண்டுகளால்தான் (ஃப்ரீ ராடிக்கல்) ஒட்டுண்ணியைக் கொல்கிறது. கூடவே ஆக்சிஜனேற்றத் தடுப்பியை அள்ளிக் கொடுத்தால் மருந்தின் கூர் மழுங்காதா?

பச்சையம்:
ஒட்டுண்ணி இரத்தத்திலிருந்து நீங்கிய பின் கொடுக்கலாமே. மாத்திரையும் வேண்டாம். சிலிமாரினின் முக்கியக் கூறான சிலிபினினை நச்சுக்காளான் தின்றவர்களுக்கு ஐரோப்பாவில் ஊசியாகவே போடுகிறார்கள்.

கொசுவலை:
ஒட்டுண்ணி நீங்கினால் பெரும்பாலோருக்கு நொதிகள் தாமாகவே இறங்கிவிடும். அப்புறம் சிலிபினின் எதைக் குணப்படுத்தியது என்று காட்டுவீர்கள்?