இடக்கைப் பழக்கக்காரருக்கு லீவர் ஆக்‌ஷன்: .22 போதுமா, .357 போகலாமா?

இடக்கையன்:
வணக்கம் நண்பர்களே. ஒரு வருடத்துக்கு மேலாக கிளப் ரைபிளில் காகித இலக்கு சுட்டுப் பழகுகிறேன். பெரும்பாலும் 50 மீட்டர், எப்போதாவது 100. அங்கே இருப்பதெல்லாம் வலக்கை போல்ட் ஆக்‌ஷன். எனக்கோ இடக்கை. ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் உள்ள போல்ட் கைப்பிடியை இழுக்கக் கையை மேலே வளைத்துக் கொண்டுபோக வேண்டும். கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழுந்துவிடுகிறது, மறுபடி பார்வையைச் சேர்க்க நேரமாகிறது. லீவர் ஆக்‌ஷன் (டிரிகருக்குக் கீழே உள்ள பிடியை இறக்கி ஏற்றும் வகை) என்றால் எந்தக் கைக்கும் ஒன்றுதானே என்று தோன்றியது. லைசென்ஸ் வேலை முடிந்துவிட்டது. வேட்டைக்கு இல்லை, காகிதமும் இரும்புத் தகடும்தான். தோட்டா அளவில் சின்ன .22, நடுத்தர .357, பெரிய .30-30 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கண்ணாடி போடுகிறவன், ஆனாலும் ஸ்கோப் இல்லாமல் சுடத்தான் ஆசை. எதை எடுக்கலாம்?

முப்பது-முப்பது:
யோசிக்கவே வேண்டாம், .30-30. வின்செஸ்டர் 94 அல்லது மார்லின் 336. லீவர் என்றால் அதுதான் லீவர். .22 எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு.

பழைய வால்நட்:
மேலே சொன்ன நண்பருக்கு 94 மேல் இருக்கும் காதல் எனக்கும் உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த துப்பாக்கி, நூறு வருடம் தாண்டியும் வேலை செய்கிறது. ஆனால் கேட்டவர் சுடப்போவது காகிதத்தை. மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கியில் .30-30 போட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பெட்டி தோட்டாவைத் தீர்த்துப் பாருங்கள். கடைசி ஐந்தை எந்த முகத்தோடு சுடுகிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். உதைக்குப் பயந்து டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகச் செய்வது பெரும்பாடு.

இடக்கையரே, பெயரைப் பார்த்துத் தொடங்காதீர்கள், தோட்டாவைப் பார்த்துத் தொடங்குங்கள். எதை யோசிக்காமல் நிறையச் சுட முடியுமோ அதுதான் உங்களுடையது. 50 மீட்டருக்கு .22 எல்.ஆர். (லாங் ரைபிள், வழக்கமான .22 தோட்டா) தாராளம். 50-க்குப் பார்வையைச் சரிசெய்துவிட்டு 100-இல் சுட்டால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும், காற்றும் தள்ளும். அதையும் கணக்குப் போட்டு அடிப்பது தனி சுகம்.

.22-இல் நான் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வது மூன்று. ஹென்றி ஹெச்001: லீவர் வெண்ணெய் மாதிரி ஓடும், எடை குறைவு. பிரவுனிங் பிஎல்-22: லீவர் 33 டிகிரிதான் திறக்கும், டிரிகரும் அதோடு சேர்ந்தே நகரும், விரல் இடுக்கில் மாட்டாது. மேசையில் வைத்துச் சுடுகிறவருக்கு இது பெரிய விஷயம். மற்ற லீவர்கள் கீழே இறங்கும்போது மேசையில் இடிக்கும்; தாங்கியை உயர்த்த வேண்டும் அல்லது துப்பாக்கியைச் சாய்க்க வேண்டும். மூன்றாவது மார்லின் 39ஏ. பழையதாகக் கிடைத்தால் மட்டும். பக்கத்தில் உள்ள ஒரே திருகைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும், பேரலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். மற்ற பல லீவர் துப்பாக்கிகளில் வாய்ப்பக்கமிருந்துதான் கம்பியை விட வேண்டும். அந்த விளிம்பில் கீறல் விழுந்தால் குறி கெடும். இதை யாரும் வாங்குமுன் கேட்பதில்லை.

கண்ணாடி போடுகிறீர்கள் என்றதால் இன்னொன்று. கூடவே வரும் வளைந்த கொம்பு மாதிரிப் பின்பார்வையை விட்டுவிட்டு, கண்ணுக்கு அருகில் இருக்கும் துளைப் பார்வை மாட்டுங்கள். துளையை நீங்கள் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் போதும். முன்முனையும் இலக்கும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும்.

ஓரக்கண்:
.357-ஐயும் ஒதுக்கிவிடாதீர்கள். அதே துப்பாக்கியில் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவும் சுடலாம். உதை மென்மை, இரும்புத் தகட்டில் விழும் சத்தம் .22-இல் கிடைக்காது. வின்செஸ்டர் 1892 வடிவத்தில் ராஸி, 1873 வடிவத்தில் உபெர்ட்டி செய்கிறார்கள். வலப்பக்கம் தோட்டா போடும் வாசல் இடக்கைக்காரருக்கு வசதி: இடது கை பிடியில் இருக்க, வலது கையாலேயே போட்டுக்கொள்ளலாம்.

முப்பது-முப்பது:
சரி சரி, சின்னப் பிள்ளைப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் .30-30-ஐ எடுக்கப் போகிறவர் யாராவது இதைப் படித்தால்: குழாய் மேகசினில் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்) கூர்முனைத் தோட்டா போடாதீர்கள். ஒன்றின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (பின்புறத் தீமூட்டியில்) இடிக்கும், உதையில் வெடிக்க வாய்ப்புண்டு. தட்டைமுனை, அல்லது இதற்கென்றே வரும் மென்முனைத் தோட்டா மட்டும். அப்புறம் தகட்டைச் சுடும் முன் அந்தத் தகடு எந்தத் தோட்டாவுக்கானது என்று ரேஞ்சில் கேட்டுவிடுங்கள். சாதா இரும்பைக் .30-30 குழித்துவிடும், குழியில் பட்ட சிதறல் திரும்பி வரும்.

இடக்கையன்:
எல்லோருக்கும் நன்றி. பிஎல்-22 அல்லது .357-இல் 1892, இரண்டில் ஒன்று என்று மனசு வந்துவிட்டது. .38 போட்டால் குட்டையாக இருப்பதால் சிக்கும் என்கிறார்களே, உண்மையா? 92-இல் காலிக்கூடு மேலே தெறிக்குமாமே, அது தொந்தரவா?

பழைய வால்நட்:
1873-இல்தான் நீளம் ரொம்ப முக்கியம். அதில் தோட்டாவைத் தூக்கும் கட்டை லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும்; மிகக் குட்டையான தோட்டா என்றால் பின்னால் வருவது பாதி உள்ளே நுழைந்து கட்டையைப் பிடித்துக்கொள்ளும். 92 அவ்வளவு பிடிவாதமில்லை. ஆனாலும் கூட்டோடு சமமாக வெட்டிவிட்டது போன்ற முழுத்தட்டைக் குண்டு வேண்டாம். முனை தட்டையாகவும் தோள் சரிவாகவும் உள்ளதை எடுங்கள். முடிவெடுக்கும் முன் வெடிமருந்தில்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டு, லீவரை மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். தயங்கித் தயங்கிப் பாதியில் நிறுத்தினால் எந்த லீவரும் சிக்கும்.

.38 நிறையச் சுட்டபின் .357 போடுவதாக இருந்தால் தோட்டா உட்காரும் அறையைத் துடைத்துவிடுங்கள். குட்டைக் கூடு முடியும் இடத்தில் கரி வளையம் படியும், நீளமானது இறுக்கமாகப் போகும்.

கூடு மேலே போவது இடக்கைக்கு நல்லதே, எந்தப் பக்கத்தையும் அது பார்ப்பதில்லை. தொப்பிக்கு விளிம்பு இருக்கட்டும், சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பின்னாளில் ரிசீவருக்கு (லீவர் இயங்கும் நடுப்பெட்டிக்கு) நேர்மேலே ஸ்கோப் மாட்ட நினைத்தால் 92 ஒத்துழைக்காது. அந்த எண்ணம் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் பிஎல்-22-க்கே போங்கள். மேல்பகுதி மூடியது, ஸ்கோப்புக்கான பள்ளமும் உண்டு.