டொராண்டோவில் பி.ஏ. (புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்) வேலை: சென்னையில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு வருபவர்களுக்கு

"சென்னையில நாலு வருஷம் உதவி இயக்குநர்ணா. இப்ப ஸ்கார்பரோல இருக்கேன். இங்க ஷூட்டிங்ல எப்படி நுழையறது?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியை அனுப்பிவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

முதல் வேலையாக ரெஸ்யூமேயில் இருக்கும் 'அசிஸ்டென்ட் டைரக்டர்' என்ற வார்த்தையைத் தூக்குங்கள். கோபப்படாமல் கேளுங்கள். வடபழனியில் நீங்கள் கதை டிஸ்கஷனில் உட்கார்ந்தீர்கள், கிளாப் அடித்தீர்கள், கன்டினியூட்டி பார்த்தீர்கள், ஆர்ட்டிஸ்டுக்கு டயலாக் சொல்லிக் கொடுத்தீர்கள். இங்கே கிளாப் அடிப்பது கேமரா டிபார்ட்மென்ட் ஆள். கன்டினியூட்டிக்கு ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று தனியாக ஒருவர். கதை எழுத்தாளர்களின் அறையிலேயே முடிந்துவிடும். ஃபர்ஸ்ட் ஏ.டி. (முதல் அசிஸ்டென்ட் டைரக்டர்) என்பவர் கையில் இருப்பது கடிகாரமும் ஷெட்யூலும்தான். தளத்தை நடத்துவதும் பாதுகாப்பைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஆக, நீங்கள் 'ஏ.டி., நாலு வருஷம்' என்று எழுதினால், நூறு பேர் யூனிட்டை நேரத்துக்கு ஓட்டத் தெரிந்தவன் என்று சொல்வதாகத்தான் படிப்பார்கள். நான் அப்படி எழுதி அனுப்பிய ஐந்து மாதமும் ஒரு போன்கூட வரவில்லை. 'படப்பிடிப்புத் தள அனுபவம் உண்டு, லைசென்ஸ் உண்டு, கார் உண்டு' என்று மாற்றினேன். இரண்டாவது வாரமே ஒரு நாள் வேலை வந்தது.

அப்புறம், 'புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட்' என்றதும் நம் ஊர் புரொடக்‌ஷன் பாயை நினைத்து வீட்டில் சிலர் முகம் சுளிப்பார்கள். அது வேறு, இது வேறு. டீ, காபி, தீனிக்கு கிராஃப்ட் சர்வீஸ் என்று தனி டிபார்ட்மென்டே இருக்கிறது. பி.ஏ. காலையில் முதல் ஆளாக வந்து தெருவில் போக்குவரத்துக் கூம்பு வைப்பார், ஷூட்டிங் இடத்துக்கு வழிகாட்டும் போர்டு மாட்டுவார், ஆர்ட்டிஸ்டை டிரெய்லரிலிருந்து கூட்டி வருவார், கால் ஷீட் (யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று சொல்லும் தாள்) கொடுப்பார், டேக் போகும்போது தெருமுனையில் நின்று ஆளை நிறுத்துவார், கடைசியில் குப்பையும் அள்ளுவார். ஆனால் லைட் ஸ்டாண்டைத் தொடக் கூடாது. நம் ஊரில் லைட்டைத் திருப்பும் தெர்மாகோலை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். இங்கே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு யூனியன். உதவி செய்கிறேன் என்று போய்த் திட்டு வாங்கியவன் நான்.

தெருமுனையில் நிற்பதற்கு 'லாக்-அப்' என்று பெயர். என் முதல் லாக்-அப் ஒரு பிப்ரவரி இரவு, டவுன்டவுனில். தெருவையே நியூயார்க்காக மாற்றியிருந்தார்கள்: மஞ்சள் டாக்சி, அமெரிக்கக் கொடி, நீலத் தபால் பெட்டி. வாக்கி-டாக்கியில் "ரோலிங்" (கேமரா ஓடுகிறது) என்று குரல் வந்த அதே நொடி, மளிகைத் தள்ளுவண்டியோடு ஒரு பெரியவர் வந்தார். "அதோ, அதுதான் என் வீடு" என்றார். நடைபாதையில் போகிறவரைத் தடுக்க நமக்கு எந்த அதிகாரமும் கிடையாது, கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடியும். கேட்டேன். அவர் போயேவிட்டார். டேக் போச்சு. வாக்கியில் "யார் விட்டது?" என்றார்கள். நான் பெரியவர், மளிகை, குளிர் என்று முழுக் கதையும் சொல்ல ஆரம்பித்தேன். அந்தச் சேனலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். "வடக்கு முனை, ஒருவர் உள்ளே வருகிறார்" என்று முன்னாடியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டேக்கை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

வாக்கியில் 'காப்பி' என்றால் குடிக்கிற காப்பி இல்லை, 'புரிந்தது' என்று அர்த்தம். '10-1' என்றால் பாத்ரூம். 'சர்க்கஸ்' என்றால் டிரெய்லர்கள் நிற்கும் இடம். 'ஹனிவேகன்' என்பது கழிப்பறை வண்டி, தேனெல்லாம் இல்லை. 'மார்ட்டினி' என்று காதில் விழுந்தால் சந்தோஷப்படுங்கள், அன்றைய கடைசி ஷாட்.

இனி யாரும் சொல்லாத ஒன்று. சேரும்போது தரும் ஃபார்ம்களில், படப்பிடிப்பு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய டிசம்பர் 31 அன்று நீங்கள் ஒன்டாரியோவில் (டொராண்டோ இருக்கும் மாகாணம்) வசித்தீர்களா என்று கேட்பார்கள். உள்ளூர்த் தயாரிப்பாளருக்கு மாகாணம் தகுதியுள்ள சம்பளச் செலவில் 35 சதவீதம் வரிச் சலுகையாகத் தருகிறது. அந்தத் தேதியில் இங்கே இல்லாதவரின் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. மார்ச்சில் வந்திறங்கியவரை அந்த வருஷம் எடுக்க யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் திறமைமேல் சந்தேகப்பட வேண்டாம். வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், வரி அசெஸ்மென்ட் நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்கள் கவனியுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வெளி வேலைக்கு வாரம் 24 மணி நேரம்தான். ஷூட்டிங் நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி சர்வ சாதாரணம். இரண்டே நாளில் வரம்பு முடிந்துவிடும். செமஸ்டர் விடுமுறைக்கு ஒத்திப்போடுவது நல்லது.

"சம்பளம் இல்லை, பெயர் போடுவோம்" என்று கூப்பிடுவார்கள். என்னையும் நம் ஆள் ஒருவரே கூப்பிட்டு ஒன்பது நாள் வேலை வாங்கினார், பெயரும் வரவில்லை. படிப்பின் பகுதியாகக் கல்லூரி அனுப்பினால் வேறு கதை. மற்றபடி இன்டர்ன் என்று பெயர் வைத்து ஒருவரைப் பிழிந்தால், குறைந்தபட்சக் கூலி தந்தே ஆக வேண்டும். 2025 அக்டோபர் முதல் அது மணிக்கு 17.60 டாலர். நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் குறும்படத்துக்குப் போய்ப் பழகுவது உங்கள் இஷ்டம்.

பெரிய வேலைகள் டிஜிசி (டைரக்டர்ஸ் கில்ட் ஆஃப் கனடா) ஒன்டாரியோ யூனியன் வழியாக வரும். எடுத்த எடுப்பில் அங்கே போக முடியாது, சின்னப் படங்களில் நாட்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். கையில் இன்னொரு வேலையும் இருக்கட்டும். 2023ல் அமெரிக்க எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது இங்கே ஸ்டுடியோக்கள் காற்று வாங்கின. நான் அந்த ஆறு மாதமும் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன்.

கார் இல்லாமல் முடியுமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். முடியும், ஆனால் சிரமம். கால் டைம் (தளத்துக்கு வந்து சேர வேண்டிய நேரம்) காலை ஐந்து மணி என்றால் சப்வே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவாக்கில்தான் ஓடவே ஆரம்பிக்கும். 300 வரிசை இரவுப் பஸ்களின் வரைபடத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஜி1 (இங்கே முதலில் தரும் எல்.எல்.ஆர். மாதிரியான லைசென்ஸ்) வைத்துத் தனியாக ஓட்ட முடியாது, எனவே ஊர் லைசென்ஸைப் பத்திரமாகக் கொண்டு வாருங்கள், ஓட்டிய அனுபவத்தைக் காட்டினால் ரோடு டெஸ்டுக்குக் காத்திருக்கும் காலம் குறையும். கடைசியாக, குளிர். எங்கள் வீட்டு ஓனர் அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் டொராண்டோ என்று எழுதினால் 'ரொறன்ரோ' என்று திருத்துவார். என் முதல் குளிர்காலத்தில் அவர்தான் ஒரு ஜோடி பூட்ஸைக் கொடுத்து, "தம்பி, ஒரு சைஸ் பெரிசாப் போடும், உள்ளுக்கு ரெண்டு சொக்ஸ் போகோணும்" என்றார். லாக்-அப்பில் ஆறு மணி நேரம் நின்றபோது அந்த ஒரு சைஸ்தான் என் விரல்களைக் காப்பாற்றியது.