திஸ்கி கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது ஐகான்வ் நின்றுவிடுகிறது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) தட்டச்சு செய்யப்பட்ட பழைய உரைக் கோப்புகளை லினக்ஸில் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற்ற முயன்று வருகிறேன். குறியேற்றத்தை மாற்றித் தரும் ஐகான்வ் கட்டளையில் ‘எஃப்’ தெரிவுக்கு யூடிஎஃப்-8 என்றும், ‘டி’ தெரிவுக்குத் திஸ்கி என்றும் கொடுத்தால், 0ஆம் இடத்திலேயே உள்ளீடு செல்லாது என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ‘சி’ தெரிவையும் சேர்த்தால் பிழை வருவதில்லை. ஆனால் எண்களும் நிறுத்தற்குறிகளும்தான் மிஞ்சுகின்றன, தமிழ் ஓரெழுத்துகூட இல்லை. கோப்பே கெட்டுவிட்டதா, அல்லது கட்டளையில் ஏதேனும் பிழையா?

பதில்:
கோப்பு கெடவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. கோப்பு இப்போது எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறதோ அதை ‘எஃப்’ தெரிவுக்கும், எதுவாக மாற வேண்டுமோ அதை ‘டி’ தெரிவுக்கும் கொடுக்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் திஸ்கியில் 190, 193, 162, 250 என்ற நான்கு பைட்டுகளாக இருக்கும். யூடிஎஃப்-8இல் 128 முதல் 191 வரையிலான பைட்டுகள் முந்தைய பைட்டின் தொடர்ச்சியாக மட்டுமே வர முடியும் என்பதால், 190இல் தொடங்கும் கோப்பை யூடிஎஃப்-8 என்று நீங்கள் அறிவித்தால் ஐகான்வ் முதல் பைட்டிலேயே மறுக்கிறது. ‘சி’ தெரிவு எதையும் சரிசெய்வதில்லை. மாற்ற இயலாததைச் சொல்லாமல் தள்ளிவிடுகிறது. பிழைச் செய்தி உங்கள் உரையைக் காப்பாற்றும் எச்சரிக்கை என்பதால், அதை அடக்க ‘சி’யைச் சேர்க்க வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டையும் இடம் மாற்றியதும் உரை முழுவதும் சரியாக வந்துவிட்டது. ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளும் சிதறவில்லை. கோப்புகள் நிறைய இருப்பதால், வெளியீட்டை அதே பெயரிலேயே எழுதச் சொல்லலாமா?

மற்றொரு பதில்:
கூடவே கூடாது. வெளியீட்டைத் திருப்பும் குறிக்குப் பின் அதே பெயரைக் கொடுத்தால், ஐகான்வ் தொடங்கும் முன்பே, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடும். அதன்பின் ஐகான்வ் வெற்றுக் கோப்பைப் படித்து, எந்தப் பிழையும் காட்டாமல் முடித்துக்கொள்ளும், மூலமோ போய்விடும். ஆகவே தனி அடைவு ஒன்றை உருவாக்கி, மாற்றிய கோப்புகளை அதில் எழுதச் செய்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே பழையவற்றை நீக்குங்கள். திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. ஐகான்வ் அதை யூனிகோடு வரிசைக்கு மாற்றித் தருவதால்தான் உங்களுக்குச் சிதறாமல் வந்தது. அந்தத் தொகுப்பில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளும் கலந்திருந்தால் அவற்றை முதலிலேயே பிரித்து வையுங்கள். பாமினியை ஐகான்வ் அறியாது. அவற்றுக்கு வேறு மாற்றி தேவைப்படும்.