புதுப்பிப்பு: விரிசல் விட்ட ஷவர் தட்டு, தீர்வு கிடைத்தது

டர்பன், சாட்ஸ்வொர்த்திலுள்ள எங்கள் வீட்டில் ஷவருக்கு அடியிலிருக்கும் அக்ரிலிக் தட்டு, தண்ணீர் வெளியேறும் துளையருகே விரிசல் விட்டு, அடுத்த அறைச் சுவர் ஈரமாவதாக இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

செலவு குறைவென்று முதலில் கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் வைத்து ஒட்டினேன். ஒன்பதாம் நாளே ஒட்டிய ஓரத்தில் மீண்டும் பிளந்தது. "மிதித்தால் தட்டு அமுங்குகிறதா? அப்படியானால் அடியில் வெற்றிடம் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியதே சரியான காரணம்: தட்டைப் பெயர்த்தபோது நான்கு மூலைகளிலும் செங்கல் துண்டுகள் இருந்தனவே தவிர, நடுவில் எதுவுமில்லை. ஆகவே 5 பங்கு மணலுக்கு 1 பங்கு சிமெண்ட் சேர்த்த கலவையை முழுப் பரப்பிலும் பரப்பி, புதிய தட்டை அதன் மேல் அழுத்தி, மட்டம் பார்த்து உட்கார வைத்தேன். கலவை இறுகிய பின் ஓரங்களில் சிலிக்கோன் பசை பூசி, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விட்டேன்.

நான் எதிர்பாராதது, கழிவுக் குழாய் இணைப்பிலிருந்த ரப்பர் வளையமும் இறுகி வெடித்திருந்தது. சுவர் ஈரத்தில் பாதிப் பங்கு அதனுடையதுதான் என்று நினைக்கிறேன். கலவை போடுமுன் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள், பிறகு அங்கே கை நுழையாது. மூன்று வாரமாகச் சுவர் காய்ந்திருக்கிறது. உதிர்ந்த பூச்சை இனித்தான் சரிசெய்ய வேண்டும்.