59 நாளா, 62 நாளா?

உப்புக்காற்று:
கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுகிறதாம்! ஓதத்தை, அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதை, கழிக்கும்போதே கரையோரக் கடலில் சில சென்டிமீட்டர் பிழை வரும் என்று அளப்பவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். முழக்கோலால் தலைமுடியின் தடிமனை அளந்த கதைதான். கடல்மட்டத்தை அளந்த டோபெக்ஸ் செயற்கைக்கோளின் வரைபடத்தில் 62 நாளுக்கொருமுறை ஏறி இறங்குகிறதே, அது கடலா, கணக்குப் பிழையா?

கணக்கன்:
62 இல்லை, 59. வரைபடத்தை நீரே பார்த்தீரா, பார்த்தவர் சொல்லக் கேட்டீரா? டோபெக்ஸ் அதே இடத்துக்குத் திரும்ப 9.9156 நாள், அதாவது ஏறக்குறைய 238 மணி. சூரிய ஓதத்துக்குச் சுற்று 12 மணி. இருபதாவது சுற்று முடிய 2 மணி இருக்கும்போதே செயற்கைக்கோள் வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் இப்படி முந்தி முந்தி, ஒரு முழுச் சுற்றைப் பார்த்ததுபோல் தோன்ற 58.74 நாள் ஆகும். 62.1 என்பது சந்திர ஓதத்துக்கு.

உப்புக்காற்று:
மூன்று நாள் வித்தியாசத்துக்கு இவ்வளவு துள்ளலா? பிழை உண்டா, இல்லையா?

கணக்கன்:
59.

கரையோரன்:
உண்டு. ஆனால் ஏறி இறங்கும் பிழை ஏறிக்கொண்டே போகாது. 1993 முதல் அளந்த வரிசையில் 59 நாள் ஊசல் சராசரியில் அடங்கிவிடும். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது டோபெக்ஸின் முதல் உயரமானியை, அதாவது கடல்மட்டத்தை அளக்கும் கருவியை. அது நாள்பட நலிந்ததால் 1999 பிப்ரவரியில் மாற்றுக் கருவிக்குப் போனார்கள். அந்த நலிவு, ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்ற போக்கையே தொடும். அப்புறம் கணக்கன் சார், 59 நாள் ஊசல் முழுக்க ஓதமும் இல்லை, கருவியின் பிழையும் அதில் உண்டு. செயற்கைக்கோளின் பாதைத்தளம் சூரியனைப் பொறுத்து ஒரு சுற்று வர ஏறக்குறைய 117.5 நாள், அதில் பாதி எவ்வளவு?

கணக்கன்:
பாதி எவ்வளவு என்று எனக்கே பாடமா? நான் 59 என்றுதானே சொன்னேன்! நிலவின் 18.6 ஆண்டுச் சுழற்சியை 19 என்று எழுதிவிட்டு, திருத்தியதும் 'கிட்டத்தட்ட' என்று நழுவியவர்தானே நீர்? மறக்கவில்லை.

தமிழ்நெறி:
'ஓதம்' என்றால் ஈரக்கசிவு என்றும் பொருள் உண்டு. 'ஏற்றவற்றம்' என்று எழுதினால் குழப்பம் வராது.

கணக்கன்:
கடல்நீர் ஏறுவதற்கு ஓதம் என்பது பழைய இலக்கியச் சொல் ஐயா. உமக்குக் குழப்பம் என்றால் சொல் என்ன செய்யும்?

உப்புக்காற்று:
சரி, சொல்லை விடுங்கள். டோபெக்ஸ் தரவை வைத்து ஓதத்தைக் கணிக்கும் மாதிரி செய்கிறார்கள். அந்த மாதிரியை வைத்தே டோபெக்ஸைத் திருத்துகிறார்கள். திருடன் கையில் சாவி!

கரையோரன்:
அந்தக் கேள்வி நியாயம். கருவியின் 59 நாள் பிழை அப்படித்தான் சூரிய ஓதம் என்ற பெயரில் மாதிரிக்குள் புகுந்தது. காட் 4.10 என்ற ஓத மாதிரியில் டோபெக்ஸை விட்டுவிட்டு, அதற்குப் பின் வந்த ஜேசன் செயற்கைக்கோள்களின் தரவை எடுத்தது அதற்காகத்தான்.

கணக்கன்:
ஜேசனுக்கும் அதே பாதைதான், அதே 58.74 தான். ஈஆர்எஸ், என்விசாட் செயற்கைக்கோள்கள் இரண்டும் சூரிய ஒத்திசைவுப் பாதை, ஓரிடத்தை எப்போதும் ஒரே சூரிய நேரத்தில் கடப்பவை. அவற்றுக்குச் சூரிய ஓதம் எப்போதும் ஒரே நிலையில் உறைந்து கிடக்கும், பிரிக்கவே முடியாது. டோபெக்ஸை 1336 கிலோமீட்டர் உயரத்தில் 66 பாகை சாய்வில் விட்டதே இந்தச் சிக்கல் வேண்டாம் என்றுதான். 62 என்பவருக்கு இது எங்கே புரியப்போகிறது!

உப்புக்காற்று:
என் 3 மில்லிமீட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரையோரன்:
மேலே எழுதியிருக்கிறேன், படித்தால் தெரியும்.

தமிழ்நெறி:
'ஒத்திசைவு' அல்ல, 'ஒத்தியங்கு' என்பதே சரி.